வலப்பக்கம் தெரிந்த தமிழ்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அக்கா ஒருவரின் மூளைப் படத்தைப் பற்றியது இந்தக் குறிப்பு. ஐம்பதைத் தாண்டியவர். மாந்தோப்பில் காய் தரம் பிரிக்கிற வேலை. வீட்டுக்குள் தமிழ், ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் மலையாளம். எங்கள் மூளைப் படமெடுப்பு மையத்தில் நடந்த மொழி ஆய்வு ஒன்றுக்குத் தன்னார்வலராக வந்தார். கேள்வித்தாளின்படி அவர் முழு வலக்கைக்காரர். படத்திலோ, தமிழ்ச் சொற்களைத் தேடும்போது அவருக்கு வேலை செய்தது வலப்பக்க மூளை.

வலக்கைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மொழி இடப்பக்கம்தான் என்பது பழைய கணக்கு. அதனால் இப்படி ஒரு படம் வந்தால் முதலில் யாரும் அந்த மனிதரைச் சந்தேகிப்பதில்லை, படத்தைத்தான் சந்தேகிப்போம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். மூன்று வாரம் கழித்து, சிக்கல் கேள்வித்தாளில் இருந்தது என்று தெரிந்தது. அந்த மூன்று வாரத்தில் என்னென்ன பார்த்தோம், எதை எங்கே தவறவிட்டோம் என்பதை எழுதி வைக்கிறேன். அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ஆய்வாளன் இல்லை, ஸ்கேனர் இயக்குபவன். பல்கலைக்கழகத்தில் உளவியல், மொழியியல், நரம்பியல் என்று பல துறைகளுக்கும் பொதுவாக ஒரு 3 டெஸ்லா வலிமைக் காந்தம் கொண்ட எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் இருக்கிறது. கேள்வி ஆய்வாளருடையது. மெஷின், பாதுகாப்பு, படத்தின் தரம், வந்தவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது, இவையெல்லாம் எங்கள் பொறுப்பு.

ஆய்வுக்கு ஆட்கள் வந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா பழைய கொச்சி ராஜ்ஜியத்துப் பகுதி. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது கேரளத்திலேயே நின்றது. ஆந்திரத்துச் சித்தூர் வேறு. இந்தப் பக்கத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி என்று போனால் தமிழ்தான் காதில் விழும், தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு. பேச்சு கொங்குத் தமிழ். அதில் மலையாளச் சொற்கள் தாராளமாகப் புழங்கும். இரண்டு மொழியும் சிறு வயதிலிருந்தே வாயில் இருப்பவர்களின் மூளையில் சொல் தேடல் எப்படி நடக்கிறது என்பதுதான் ஆய்வின் கேள்வி. அதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

உடை மாற்றும் அறை

3 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 60,000 மடங்கு. கரண்ட் போனாலும் இந்தக் காந்தம் அணையாது. மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கும் கம்பிச்சுருள் அது. மின்சாரம் தடையில்லாமல் அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒருவர் அதோடு சேர்ந்து இழுக்கப்பட்டு இறந்துபோனார். அதனால் உடை மாற்றும் அறையில் நாங்கள் அவசரப்படுவதே இல்லை.

அந்த அக்காவின் தாலிக்கொடியில் நாலு ஊக்கு தொங்கின. நம் பெண்கள் பலர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு வேறெங்கே தேடுவது? கைக்காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் நாலும் கொடியிலிருந்து எழுந்து நின்றன. ஊக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். கொடியைக் கேட்டபோது கை நெஞ்சுக்குப் போய்விட்டது.

"அதக் கழட்டறதில்லீங்க தம்பி."

தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் ஸ்கேனரின் ரேடியோ அலைகளில் உலோக வளையம் சூடேறலாம், படமும் அந்த இடத்தில் கோணலாகும். ஜரிகைச் சேலையை மாற்றச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். எங்கள் அலமாரியில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் எப்போதும் இருக்கும். கூட வந்த நாத்தனார் கயிற்றில் மஞ்சளைக் கோத்துக் கழுத்தில் கட்டிவிட்ட பிறகு, கொடியைக் கழற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மையத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மா. அதற்கு முன் எத்தனையோ பேர் தாலியைக் காரணம் சொல்லித் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

மெட்டிதான் வரவில்லை. விரல் வீங்கியிருந்தது. சோப்புத் தண்ணீர் கொடுத்தோம். ஸ்டூலில் உட்கார்ந்து, காலை மடித்து, இடக்கையால் திருகித் திருகிக் கழற்றினார். கெட்டியாக மாட்டிக்கொண்டதைக் கழற்றும்போது ஆளுக்குப் பழக்கமான கைதான் முன்னால் வரும். நான் அதைப் பார்த்தேன். குறித்து வைக்கவில்லை.

படம் எப்படிக் கிடைக்கிறது

இந்த வகை ஸ்கேன் நரம்பு வேலை செய்வதை நேராகப் பார்ப்பதில்லை, இரத்தத்தைப் பார்க்கிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபினும் காந்தத்திடம் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும் என்று 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் கண்டார்கள். 1990இல் செய்ஜி ஒகாவா அந்த வேறுபாட்டை எம்.ஆர்.ஐ. படத்தில் பிடிக்கலாம் என்று காட்டினார். 1992இல் இந்த முறையில் எடுத்த மனித மூளையின் முதல் படங்கள் வெளிவந்தன.

வேலை செய்யும் இடத்துக்கு இரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த ஏற்றம் உச்சிக்கு வர ஐந்தாறு வினாடி ஆகும். கிடைக்கும் மாற்றம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். இருமல், தலையசைவு, புரியாத ஒரு சொல், எதுவும் இதைக் கெடுத்துவிடும். வண்ண வண்ணமாகத் தெரிகிற படம் பல நிமிடப் பதிவைக் கூட்டிக் கழித்து, புள்ளியியல் சல்லடையில் சலித்து எடுத்தது. நேரில் எடுத்த போட்டோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அக்காவுக்குக் கொடுத்த வேலை இது: காதில் ஒரு பெயர்ச்சொல் கேட்கும். அதோடு சேரும் வினையை மனதுக்குள் நினைக்க வேண்டும். கத்தி என்றால் வெட்டு. பந்து என்றால் எறி. வாய் திறந்து சொன்னால் தாடை அசைந்து படம் கெடும். இருபது வினாடி வேலை, இருபது வினாடி ஓய்வு. மெஷின் போடும் சத்தம் 100 டெசிபலுக்கு மேல் போகும். காதடைப்புக்கு மேல் ஹெட்போனும் மாட்டினோம். அவசரம் என்றால் அழுத்த ரப்பர் பந்து ஒன்றைக் கையில் கொடுத்தோம். வலது நெற்றிப்பொட்டில் பிளாஸ்டரால் ஒரு வைட்டமின் ஈ மாத்திரை ஒட்டினோம். மருந்துக் கடையில் கிடைக்கும் அதே எண்ணெய் மாத்திரைதான். அது எதற்கென்று அடுத்துச் சொல்கிறேன்.

முதலில் படத்தைச் சந்தேகித்தோம்

ஆய்வு மாணவி ஒற்றப்பாலத்துக்காரர். தமிழ் புரியும், பேசக் கொஞ்சம் தயங்குவார். படத்தைக் கொண்டுவந்து, "அண்ணா, இது திரும்பிப் போயிருக்கு" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன்.

மூளைப் படத்தில் இடவலம் மாறுவது இந்தத் துறையின் பழைய வியாதி. கதிரியக்க மருத்துவர்கள் படத்தைப் படுத்திருப்பவரின் கால்மாட்டிலிருந்து பார்ப்பதுபோல் வைப்பார்கள். படத்தின் இடப்பக்கம் அவருடைய வலப்பக்கம். ஆய்வாளர்கள் பலர் இடத்தை இடமாகவே வைப்பார்கள். பழைய கோப்பு வடிவங்களில் எது எந்தப் பக்கம் என்ற குறிப்பே நம்பும்படி இருக்காது. மூளையோ வெளிப்பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். மாறியது தெரியாமலே முடிவு எழுதிவிடலாம்.

அதற்குத்தான் மாத்திரை. எண்ணெய் எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அக்காவின் படத்தைத் திறந்தோம். தோலுக்கு வெளியே, வலது நெற்றிப்பொட்டில், அவரை விதை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. ஒட்டிய இடத்திலேயே இருந்தது. படம் திரும்பவில்லை.

ஆனால் மாத்திரை தெரிந்தது உடற்கூறுப் படத்தில், அதாவது மூளையின் வடிவத்தைக் காட்டும் படத்தில். மூளை வேலை செய்வதைக் காட்டும் செயல்பாட்டுப் படம் வேறு, அதன் கட்டம் பெரியது, அதில் மாத்திரை சரியாகத் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் இடத்தில் பிழை நடந்திருக்கலாமே? மாணவி எழுதிய நிரலை வரி வரியாகப் படித்தோம். அதே நாளில் அதே நிரலில் ஓடிய மற்றவர்களின் படத்தில் மொழி இடப்பக்கமே இருந்தது. அங்கேயும் பிழை கிடைக்கவில்லை.

அடுத்து மெஷின். தினமும் காலையில் ஜெல் நிரப்பிய ஒரு உருண்டையை வைத்து ஸ்கேனரின் நிதானத்தைச் சோதிப்போம். அன்றைய பதிவு சுத்தமாக இருந்தது. தலையசைவும் வரம்புக்குள்தான். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் தாண்டினால் அந்தப் பதிவை நீக்குவோம். அக்கா பாறைபோல் படுத்திருந்தார்.

பிறகு சொற்பட்டியல். இங்கே ஒன்று மாட்டியது. பட்டியலில் 'துடைப்பம்' இருந்தது. அந்தப் பக்கத்தில் அது சீமாறு. 'தலையணை', 'குவளை' போன்றவையும் பாடப்புத்தகச் சொற்கள். சொல் புரியாமல் தடுமாறினால் மொழிப் பகுதியின் சைகை பலவீனமாகும், இடமா வலமா என்ற கணக்கும் ஆட்டம் காணும். அதனால் படம் வலப்பக்கம் தெளிவாகச் சாய்ந்ததை இது விளக்கவில்லை. ஆனாலும் பட்டியலைத் திருத்த வேண்டும் என்பது அன்றைக்கே முடிவானது.

அப்புறம் கேள்வித்தாள்

எந்தக் கை என்று கண்டுபிடிக்க உலகம் முழுவதும் பயன்படும் கேள்வித்தாள் 1971இல் ஓல்ட்ஃபீல்ட் வெளியிட்ட எடின்பரோ பட்டியல். பத்துக் காரியங்கள்: எழுதுவது, வரைவது, எறிவது, கத்தரிக்கோல், பல் துலக்குவது, முள்கரண்டி இல்லாமல் கத்தி, கரண்டி, துடைப்பத்தில் மேலே இருக்கும் கை, தீக்குச்சி உரசுவது, பெட்டி மூடி திறப்பது.

இதை மாணவி தமிழில் மொழிபெயர்த்து போனிலேயே கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ஆனால் ஒவ்வொன்றாக அந்த அக்காவின் வீட்டில் வைத்துப் பாருங்கள். துடைப்பத்தில் மேலே இருக்கும் கை என்ற கேள்வி நீளக் காம்பை இரண்டு கையால் பிடிப்பவர்களுக்கானது. நம் சீமாறுக்குக் கை ஒன்றுதான். கத்தி? அவர் காய் நறுக்குவது அரிவாள்மனையில். அங்கே அலகு நின்றுகொண்டிருக்கும், காயைத்தான் இரண்டு கையாலும் தள்ள வேண்டும். கரண்டி என்றால் சாப்பாடு நினைவுக்கு வரும். சாப்பாட்டுக்கு எந்தக் கை என்பது நம் ஊரில் கேள்வியே கிடையாது. எழுதுவதும் அப்படியே. எழுத்தும் சோறும் சோத்தாங்கைக்கு என்று வீடும் பள்ளியும் சேர்ந்து முடிவு செய்த தலைமுறை அது. அந்தத் தாள் அளந்தது வளர்ப்பை.

அக்காவுக்குப் போன் செய்து, இன்னொரு தடவை வர முடியுமா என்று கேட்டேன். மாங்காய் சீசன் முடியட்டும் என்றார். வந்தபோது நாத்தனாரும் வந்தார். நான் தாளை எடுக்கவில்லை.

"அக்கா, சின்ன வயசுல மாங்கா அடிக்கக் கல் எறிஞ்சிருப்பீங்களே, எந்தக் கையில?"

சிரித்துவிட்டார். "அதுக்கு நொட்டாங்கைதானுங்க வரும். சோத்தாங்கையில எறிஞ்சா பக்கத்துக் காட்டுக்குப் போயிருமே."

நாத்தனார் ஆச்சரியப்பட்டுத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷம் பழகியும் அவருக்குத் தெரியாது.

மீதியை அவராகவே சொன்னார் (அமுச்சி என்றால் அம்மாவின் அம்மா). "எல்லாமே நொட்டாங்கையிலதான் வந்துச்சுங்க மொதல்ல. அமுச்சிக்கு வெத்தல எடுத்து நொட்டாங்கையில நீட்டிட்டேன்னு, கையச் சேலத் தலப்புல வெச்சுக் கட்டி உட்டுட்டாங்க ஒருநாள் பூராவும். பள்ளிக்கொடத்துலயும் அடிதான். அப்பறம் பழகிருச்சு." இப்போதும் ஊசியில் நூல் கோர்ப்பது, பூட்டுத் திறப்பது, தீக்குச்சி உரசுவது எல்லாம் இடக்கைதான். போனில் கேட்டபோது தீக்குச்சிக்கும் வலக்கை என்றே சொல்லியிருக்கிறார். ஏன் என்றதற்கு, "படிச்ச புள்ள கேக்குது, நொட்டாங்கைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். நாற்பது வருஷத்துக்கு முன் வாங்கிய அடி ஒரு ஆய்வுத் தாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

இரண்டாம் ஸ்கேன்

இந்த முறை தொடக்கத்திலேயே விரல் தட்டும் சோதனை வைத்தோம். வலக்கை விரல்களைத் தட்டினால் இடப்பக்க இயக்கப் பட்டையில், அதாவது உடல் அசைவை ஆளும் மூளைப் பகுதியில், கைக்கான இடம் வேலை செய்ய வேண்டும். அந்த இடத்தை மேலிருந்து பார்த்தால் கவிழ்த்த ஒமேகா (Ω) எழுத்துபோல் ஒரு வளைவு இருக்கும். பழகிய கண்ணுக்குத் தப்பாது. வலக்கை தட்டியபோது இடப்பக்கம், இடக்கை தட்டியபோது வலப்பக்கம். செயல்பாட்டுப் படத்தில் இடவலம் சரி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. முதல் நாளே இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைச் செய்திருந்தால் நிரலை வரி வரியாகப் படித்த நாட்கள் மிச்சமாகியிருக்கும்.

அப்புறம் திருத்திய சொற்பட்டியல், சீமாறு உட்பட. கூடவே கொங்குத் தமிழில் ஒரு சின்னக் கதை, சும்மா கேட்டுக்கொண்டிருக்க. இரண்டிலும் மொழி வலப்பக்கம்தான்.

இந்த இடத்தில் ஒரு வாக்குவாதம் வந்தது. எழுதி வைக்க வேண்டிய வாக்குவாதம். ஆய்வின் விதி, வலக்கைக்காரர் மட்டும் என்பது. இவர் பிறவியில் இடக்கைக்காரர், ஆகவே விதிப்படி நீக்கலாம் என்றார் மாணவியின் வழிகாட்டி. மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. "எதிர்பார்த்த படம் வராதவரை மட்டும் திரும்பக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறோம். எதிர்பார்த்தபடி வந்தவர்களில் எத்தனை பேர் கை மாற்றப்பட்டவர்கள் என்று கேட்டோமா?" அவர் சொன்னதுதான் சரி. முடிவு பிடிக்காதவரிடம் மட்டும் காரணம் தேடினால், நமக்குப் பிடித்த முடிவுதான் மிஞ்சும்.

எல்லோரையும் மறுபடி கேட்டோம், படத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு, ஊர்க் காரியங்களை வைத்து. கை மாற்றப்பட்டவர்கள் இன்னும் சிலர் கிடைத்தார்கள். அவர்களுக்கு மொழி இடப்பக்கம்தான் இருந்தது. அதன் பிறகுதான் விதியை எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருத்தினோம். அக்காவும் அந்தச் சிலரும் சராசரிக் கணக்கிலிருந்து விலகினார்கள். அவர்கள் தரவு தனியே பத்திரமாக இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கை மாற்றியதால் மொழி வலப்பக்கம் போனது என்று இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. 2000இல் ஸ்டெஃபன் க்னெஹ்ட் குழுவினர் 326 பேரை வேறொரு முறையில் அளந்தார்கள். மொழி வலப்பக்கம் இருந்தவர்கள் உறுதியான வலக்கைக்காரர்களில் 4 சதவீதம், உறுதியான இடக்கைக்காரர்களில் 27 சதவீதம். ஆக, இடக்கைக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு மொழி இடப்பக்கமே. அக்கா அந்த 27 சதவீதத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம், அவ்வளவுதான். கை மாற்றப்பட்டவர்களைப் பற்றி 2002இல் ஹார்ட்விக் சீப்னர் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வலக்கையால் எழுதப் பழகிப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும், எழுதும்போது அவர்களுடைய வலப்பக்க மூளையும் சேர்ந்து வேலை செய்தது. பழக்கம் மாறினாலும் பழைய பாதை முழுக்க அடைபடுவதில்லை.

இது ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் அடங்கும் விஷயமும் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் வலிப்பு நோய்க்கு மூளை அறுவைச் சிகிச்சை நடக்கிறது. இப்படிப்பட்ட சிகிச்சையில் பேச்சுக்கான இடம் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஜூன் வாடா என்ற மருத்துவர் 1949இல் கொண்டுவந்த சோதனையில் கழுத்துத் தமனி வழியே மருந்து செலுத்தி மூளையின் ஒரு பாதியை உறங்க வைத்துப் பேச்சைச் சோதிப்பார்கள். இப்போது பல இடங்களில் அந்த வேலையின் பெரும்பகுதியை ஸ்கேன் செய்கிறது. எல்லை ஊர்களிலிருந்து போகும் நோயாளியிடமும் 'எந்தக் கை?' என்று கேட்பார்கள். அவர் என்ன பதில் சொல்வார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அக்காவிடம் சொன்னது

படங்களைக் கதிரியக்க மருத்துவர் பார்த்துவிட்டார். நோய் எதுவும் இல்லை. அதை அவரிடம் சொல்வதற்குள், "எம்பட மூளையில ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். கோளாறு இல்லை, சிலருக்கு அப்படித்தான் இருக்கும், பேச்சுக்கோ நினைவுக்கோ ஒன்றும் குறைவில்லை என்று நாத்தனாரையும் உட்கார வைத்துச் சொன்னோம். மறுபடி கூப்பிட்டவுடன் வீட்டில் பயந்திருக்கிறார்கள். அதைப் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது திரும்பக் கூப்பிடும்போது, 'நோய் எதுவும் தெரியவில்லை' என்பதுதான் எங்கள் முதல் வாக்கியம்.

படத்தின் பிரிண்ட் ஒன்று கேட்டார். கொடுத்தோம். "இதுல எந்தப் பக்கமுங்க?" என்றார். வெள்ளைப் புள்ளியைக் காட்டி, மாத்திரை ஒட்டிய பக்கம் என்றேன். விரல் நெற்றிப்பொட்டுக்குப் போனது. இடக்கை விரல்.

எங்கள் புதிய தாளில் இப்போது கல் எறிவது, ஊசியில் நூல் கோர்ப்பது, தீக்குச்சி, பூட்டு, இறுகிய மெட்டியையோ மோதிரத்தையோ கழற்றுவது எல்லாம் இருக்கின்றன. கேட்பதோடு நிற்பதில்லை, தீப்பெட்டியையும் ஊசியையும் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்கிறோம். கடைசிக் கேள்வி: "சின்ன வயசுல யாராவது கையை மாத்துனாங்களா?" நொட்டாங்கை, பீச்சாங்கை, இடங்கை, எந்தச் சொல் அந்த ஊரில் புழங்குகிறதோ அதைக் கேட்பவர் வாயில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கட்டமாகத் தாளை மூணாறு எஸ்டேட் தமிழர்களிடம் கொண்டுபோயிருக்கிறார் மாணவி. போன வாரம் அங்கிருந்து பேசினார். கொழுந்து எடுப்பது இரண்டு கையாலும் நடக்கிற வேலை, கொழுந்து வெட்டும் கத்தரியும் இரண்டு கையால் பிடிப்பதுதான், அந்த வேலைகளைக் கேள்வியாக வைத்தால் அங்கே உதவாது என்றார். வேறென்ன கேட்கலாம் என்று லயத்துப் பாட்டி ஒருவரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.